அடியைப் பாருங்கள்!

*அடிகனமான பாத்திரம், நீலச் சுடர், தேதி தாண்டாத டியூப்... அடுப்படியில் காசும் பாதுகாப்பும் நம் கண் படாத பக்கத்தில்தான் இருக்கின்றன. சென்னை ஈக்காட்டுத்தாங்கல் வீடு ஒன்றிலிருந்து ஒரு சமையலறைச் சோதனை.*

அவர் செய்த முதல் வேலை, என் கேஸ் அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்ததுதான்.

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. ‘குக்கர், மிக்ஸி, கேஸ் ஸ்டவ் ரிப்பேர்’ என்று குரல் கொடுத்தபடி தெருவுக்குள் வரும் மொபெட்டை அன்று ஓடிப்போய் நிறுத்தினேன். எனக்கு இரண்டு குறைகள். பால் பாத்திரத்தில் ஆரம்பித்து சாதம் வடிக்கிற தவலை வரைக்கும் எல்லாவற்றின் அடியிலும் கரி. அடுத்தது, 40 நாளுக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்த சிலிண்டர் 34-ஆம் நாளே தீர்ந்துபோனது. எடை குறைந்த சிலிண்டரை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

ரிப்பேர்காரர் அடுப்பைக் கவிழ்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் கண்ணாடித் தளத்துக்கு நேர் கீழே, பொங்கி வழிந்த பால் காய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கெட்டியாக ஒட்டிக்கிடந்தது. பர்னருக்குக் கேஸைக் கொண்டுபோகும் குழாயின் வாயில், காற்று நுழைய வேண்டிய இடத்தில், செத்துக் காய்ந்த ஒரு கரப்பான். அதைக் கம்பியால் தட்டிக் கீழே தள்ளிவிட்டு அவர் சொன்னார்: “கேஸ்காரரத் திட்டாதீங்கம்மா. மேல தொடச்சுத் தொடச்சு வெச்சிருக்கீங்க. அடியப் பாக்கவே இல்ல.”

சமையலறைக்கே ‘அடுப்படி’ என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ‘அடிகனமான பாத்திரத்தில்’ என்று ஆரம்பித்தால்தான் பேனா ஓடும். குழம்பு தீய்ந்தால் ‘அடிபிடித்துவிட்டது’ என்போம். இத்தனை தெரிந்தும், கடைக்குப் போனால் மேல்பக்கத்தின் மினுமினுப்பைப் பார்த்து வாங்கிவிட்டு வருகிறோம். பாத்திரத்தின் அடி, அடுப்பின் அடி, மேடைக்கு அடியில் கிடக்கும் சிலிண்டர், தரையோடு படியும் வாயு... இந்த நான்கையும் குனிந்து பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அந்த ஒரு பகலில் புரிந்துகொண்டேன்.

சுடர் சொல்லும் சேதி

இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முதல் இண்டேன் இணைப்பு 1965-ல் கல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. விறகும் கரியடுப்பும் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வும் ஆண்ட தமிழ்நாட்டுச் சமையலறைகளில் கேஸ் பரவ அதற்கப்புறம் பல ஆண்டுகள் ஆயின. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்த பிறகு குடிசை வீடுகளிலும் நீலச் சுடர் எரிந்தது. ஆனால், ஊதுகுழலால் ஊதி நெருப்பை வளர்த்த தலைமுறைக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம், குமிழைத் திருகிப் பற்றவைக்கும் நமக்கு மறந்துவிட்டது. நெருப்புக்கு முதல் தீனி காற்று.

வீட்டு கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இதில் ஒரு பங்கு முழுசாக எரிய, ஏறக்குறைய 24 முதல் 31 பங்கு காற்று வேண்டும். ரெகுலேட்டர் வழியாக வரும் வாயு, ஜெட் என்கிற ஊசித்துளையில் சீறிக்கொண்டு வெளியேறும்போது பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. இரண்டும் கலந்து பர்னரின் பொட்டுத் துளைகளில் எரிகின்றன. மீதிக் காற்றைச் சுடர் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எல்லாம் சரியாக நடந்தால் சுடர் நீலமாக, ஒரே உயரத்தில், அசையாமல் நிற்கும்.

காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகும். எரியாமல் மிச்சம் விழுந்த கார்பன் துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். அதே துகள்கள் பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் கரி. ஆக, நான் ஒரு மாதமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது வேறெதுவுமில்லை, காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட கேஸ். போதாக்குறைக்கு அரைகுறையாக எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடையும் வெளியே விடும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஜன்னலை அடைத்துக்கொண்டு சமைக்கக் கூடாது என்பது வியர்வைக்காக மட்டும் சொன்னதல்ல.

சுத்தம் செய்வதிலும் ஒரு எச்சரிக்கை. பர்னர் மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதை நீங்களே செய்யலாம். ஆனால் ஜெட்டில் சேஃப்டி பின்னை விட்டுக் குத்தாதீர்கள். அது மெத்தென்ற பித்தளை. துளை தலைமுடி அளவு அகன்றாலும் கேஸ் கூடுதலாக வரும், காற்றுக் கணக்குத் தவறிப்போகும். ஜெட் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பத்து கிராம் கணக்கு

வீட்டு கேஸ் அடுப்புக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 4246. அதன்படி அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தபட்சம் 68 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு மேலே போகப் போக எரிசக்தித் திறன் வாரியத்தின் நட்சத்திரங்கள் கூடும். ஆக, நல்ல அடுப்பிலும் மூன்றில் ஒரு பங்கு வெப்பம் வீட்டுக் காற்றைத்தான் சூடாக்குகிறது. அந்த 68-கூட சோதனைச் சாலையில், தட்டையான அடியுள்ள பாத்திரத்தை வைத்து அளந்தது. சின்னப் பால் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்து, சுடர் பக்கவாட்டில் ஏறி விளிம்பை நக்கும்படி விட்டால் அந்தத் திறனும் வீட்டில் கிடைக்காது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 10,900 கிலோகலோரி வெப்பம் இருக்கிறது. 68 சதவீதத் திறனில், 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர 10 கிராம் கேஸ் போதும். அதே தண்ணீர் கொதித்து முழுக்க ஆவியாக வேண்டுமென்றால்? இன்னும் 70 கிராமுக்கு மேல். கொதிக்க வைக்கிற செலவைவிட, கொதித்ததைத் தளதளவென்று கொதிக்க விடுகிற செலவு ஏழு மடங்கு!

திறந்த பானையில் எவ்வளவு பெரிதாக எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. சிம்மில் லேசாகக் கொதித்தாலும் 100, ஹையில் குதித்தாலும் 100. பருப்புக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாது, சிலிண்டருக்குத்தான் தெரியும். 40 நாளுக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் என்றால் ஒரு நாளைக்கு 355 கிராம். சாதம் வடிக்கும்போது அரை லிட்டர் தண்ணீரை வீணாக ஆவியாக்கினால், அன்றைய கேஸில் பத்தில் ஒரு பங்கு கூரைக்குப் போய்விட்டது. ஆகவே மூடி போடுங்கள், கொதி வந்ததும் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். இவை இரண்டும் இலவசம்.

கண்காட்சிகளில் ‘கேஸ் சேவர்’ என்று ஒரு வளையத்தை விற்பார்கள். சுடரைச் சுற்றி வேலி கட்டினால் வெப்பம் வெளியே போகாது என்பது வாதம். வேலி கட்டினால் காற்றும் உள்ளே வராது. பாத்திரம் நிற்கிற முக்காலித் தாங்கியைக்கூட வேறு கம்பெனி அடுப்பிலிருந்து மாற்றி வைக்கக் கூடாது. உயரம் குறைந்தால் பாத்திரத்தின் அடி சுடரை அமுக்கிவிடும். சுடரின் நுனி அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், அதுதான் அளவு.

தட்டிப் பார்த்து வாங்கிய காலம்

மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவில் சொப்புச் சாமான் வாங்கிய வயதிலேயே எனக்குப் பாத்திரப் பைத்தியம் பிடித்துவிட்டது. தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் புடவைக்காகப் போனாலும் கால் தானாகப் பாத்திர மாடிக்கு ஏறும். என் பாட்டி பாத்திரம் வாங்கும் விதமே தனி. தூக்கி எடை பார்ப்பார், கவிழ்ப்பார், விரல் முட்டியால் அடியில் தட்டிக் காதைச் சாய்ப்பார். ‘கிண்’ என்றால் தகடு மெலிசு. ‘தொம்’ என்றால் அடிகனம். அப்புறம்தான் பேர் வெட்டக் கொடுப்பார்.

அந்தத் தட்டலுக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதான் ராஜா, அடுத்து அலுமினியம். எவர்சில்வரைவிட அலுமினியம் ஏறக்குறைய 15 மடங்கு வேகமாக வெப்பத்தைப் பரப்பும். எவர்சில்வரில் சுடர் படுகிற வளையத்தில் மட்டும் சூடு நிற்கும். ரவா கேசரியைக் கிளறும்போது வட்டமாக அடிபிடிப்பது அதனால்தான்.

எவர்சில்வர்: சேலம் உருக்காலை 1981-ல் தகடு உருட்ட ஆரம்பித்தது. கல்யாணச் சீர்வரிசை என்றாலே எவர்சில்வர் என்று ஆகிவிட்ட ஊர் நம்முடையது. புளி, தக்காளி, தயிர் எதற்கும் அசையாது. ஆனால் ஒற்றைத் தகட்டில் செய்த பாத்திரம் பரிமாறவும் வைத்துக்கொள்ளவும்தான் பொருத்தம். வதக்க, கிளற வேண்டுமென்றால் அடியில் அலுமினியமோ செம்போ ஒட்டியதை வாங்குங்கள், அல்லது இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் முழுக்க ஓடும் டிரைபிளை வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் உயர்ந்த ரகம் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நிக்கல் குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2024-ல் ஆணை போட்டது. அந்த முத்திரையும் பாத்திரத்தின் அடியில்தான் இருக்கும், கவிழ்த்துப் பாருங்கள்.

அலுமினியம், இண்டாலியம்: சட்டென்று சூடாகும், விலை சகாயம். இட்லிப் பானைக்கும் தண்ணீர் காயவைப்பதற்கும் பிரச்சினையில்லை. புளிப்புத்தான் ஆகாது. ஐ.சி.எம்.ஆரின் ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சட்னி, சாம்பார் போன்ற புளிப்பு உணவுகளை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்திருப்பது பாதுகாப்பில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சாம்பாரைப் பெயர் சொல்லி எச்சரித்த பிறகு நமக்கு வேறு சாட்சி எதற்கு?

நான்-ஸ்டிக்: முட்டைக்கும் அடைக்கும் சௌகரியம். ஆனால் காலியாகச் சூடேற்றக் கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். ஹையில் வைத்துவிட்டு ஃபோன் எடுக்கப் போனால் வெறும் தவா அந்தச் சூட்டைச் சில நிமிடங்களில் தொட்டுவிடும். கீறல் விழுந்து பூச்சு உரிகிறதென்றால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

இரும்பு, வார்ப்பிரும்பு: தோசைக்கல்லுக்கு இதற்கு இணை கிடையாது. மெதுவாகச் சூடாகும், சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். அதனால் கடைசித் தோசைக்கு முந்தின தோசையிலேயே அடுப்பைக் குறைத்துவிடலாம், மிச்சச் சூட்டில் அது வெந்துவிடும். பழக்கிய கல்லைத் தேய்த்துக் கழுவி ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள்.

வெண்கலப் பானை, பித்தளை: அரிசி உப்புமாவும் சர்க்கரைப் பொங்கலும் வெண்கலப் பானையில் மணப்பது, அதன் தடித்த அடி சூட்டைச் சமமாகப் பரப்புவதால். பித்தளைக்கு ஈயப் பூச்சு கட்டாயம். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை வைத்துத் துணியால் ஒரே இழுப்பில் தடவுவார்கள். கறுத்த பாத்திரத்தின் உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். பூச்சு தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால் புளி சேர்க்கும் முன் மறுபடி பூசுங்கள். இல்லாவிட்டால் களிம்பு ஏறும்.

ஈயச் சொம்பு: ரசப் பிரியர்களின் பொக்கிஷம் வெள்ளீயத்தால் ஆனது, 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கிற வரைக்கும் சொம்பின் அடி 100-ஐ ஒட்டியே நிற்கும். தண்ணீர்தான் அதற்குக் காவல். தாளித்து ஊற்றிக்கொள்ளலாம் என்று காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால், கரண்டியைத் தேடுவதற்குள் சொம்பு பர்னர்மேல் வழிந்திருக்கும். முதலில் தண்ணீர், அப்புறம் நெருப்பு. ரொம்ப மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். வெள்ளீயம் விலை கூடிய உலோகம், மலிவுச் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம். அது விஷம்.

கல்சட்டி, மண்சட்டி: புளிக்கு அஞ்சாதவை. கல்சட்டியை வாங்கிய கையோடு அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். சில நாள் சூடான வடிகஞ்சி ஊற்றிப் பழக்கி, எப்போதும் சிம்மில் ஆரம்பியுங்கள். அணைத்த பிறகும் வத்தக்குழம்பு உள்ளே ‘களக் களக்’ என்று கொதித்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் முன்னாலேயே அணைத்துவிடலாம்.

ஒரே கம்பெனியில் பன்னிரண்டு உருப்படி செட் வாங்குவதைவிட, ஒரு குக்கர், ஒரு டிரைபிளை கடாய், ஒரு இரும்புத் தோசைக்கல், ஒரு கல்சட்டி, பால் காய்ச்ச ஒரு அடிகனப் பாத்திரம் என்று தனித்தனியாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இவையே ஆயுசுக்கும் காணும்.

விசில் எண்ணாதீர்கள்

குக்கருக்கும் சென்னைக்கும் பழைய உறவு. டி.டி. கிருஷ்ணமாச்சாரி குடும்பத்தின் டி.டி.கே. குழுமம் 1955-ல் தொடங்கிய நிறுவனம்தான் பிரெஸ்டீஜ் குக்கரை இங்கே வீட்டுப் பெயராக்கியது. ஒரு கட்டத்தில் குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்தபோது, அந்தக் குடும்பத்தின் டி.டி. ஜெகந்நாதன் நேரில் போய்க் காரணம் தேடினார். போலி சேஃப்டி வால்வுகளை மாட்டியிருந்தார்கள். வால்வு போலியானாலும் உயிர் போகக் கூடாது என்று யோசித்து அவர் கொண்டுவந்ததுதான், மூடியின் விளிம்பில் இன்று நாம் பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னல். ஆவி போகும் வழி அடைத்து அழுத்தம் எகிறினால், கேஸ்கட் அந்த ஜன்னல் வழியே பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும்.

குக்கருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது, அதுதான் அதன் ரகசியம். முதல் ஆவி சீறியதும் அது 120-ஐத் தொட்டுவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு விசிலும் ‘எனக்கு இந்தச் சூடு வேண்டாம்’ என்று குக்கர் கக்குவது. ‘மூணு விசில்’ என்பது அளவே இல்லை. ஹையில் மூன்று விசில் நாலு நிமிடத்தில் வரும், சிம்மில் இருபது நிமிடம் ஆகும். முதல் விசிலுக்குப் பின் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள்.

மூடுமுன் ஆவிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரைக்கிற பருப்புக்குப் பாதிதான். அழுத்தம் இறங்காத மூடியோடு மல்லுக்கட்டாதீர்கள். வால்வும் கேஸ்கட்டும் அந்தந்தக் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும். 2021 பிப்ரவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத வீட்டு குக்கரை விற்பதே சட்டப்படி குற்றம்.

தாழ்ந்த இடம் தேடும் வாயு

எங்கள் ஊர்ப் பெயரில் வரும் தாங்கல் என்பது சிற்றேரி. மேட்டுத் தண்ணீர் ஓடிவந்து தங்குகிற தாழ்ந்த இடம். ஏரி போய் கிண்டி தொழிற்பேட்டையின் பட்டறைகளும் ஐ.டி. கட்டடங்களும் வந்துவிட்டன. ஆனால் தண்ணீர் இடத்தை மறக்கவில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறியபோது ஈக்காட்டுத்தாங்கலும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கின. தரைத்தள வீடுகளில் சிலிண்டர்கள் மிதந்தன. காலி சிலிண்டர் மட்டுமல்ல, முழு சிலிண்டரும் மிதக்கும். மொத்த எடை ஏறக்குறைய 30 கிலோ, அது அடைத்துக்கொள்ளும் இடமோ 33 லிட்டருக்கு மேல். மிதக்கும்போது டியூபையும் ரெகுலேட்டரையும் இழுத்து அறுக்கும். வெள்ளம் வருகிறதென்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரை உயரத்துக்கு ஏற்றுவதுதான் முதல் வேலை. மூழ்கி எழுந்த ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டாதீர்கள்.

தண்ணீரின் குணம்தான் கேஸுக்கும். காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், எனவே கசிந்தால் தரையோடு படர்ந்து மூலையில் தேங்கும். ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். இயல்பில் அதற்கு மணம் கிடையாது. நம்மை எழுப்புவதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றத்தைச் சேர்க்கிறார்கள்.

அந்த நாற்றம் வந்தால், முதலில் கையைக் கட்டுப்படுத்துங்கள். லைட் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான். சுவிட்சின் ஒரு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். அடுப்படியிலேயே சாமி அலமாரி வைத்திருக்கும் வீடுகளில் விளக்கும் ஊதுவத்தியும் எரிந்துகொண்டிருக்கும், அவற்றை அணையுங்கள். ஜன்னலைவிட முக்கியமாகத் தரையோடு ஒட்டிய கதவைத் திறந்துவிடுங்கள். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், வெளியில் நின்று 1906-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேர அவசர எண் அது.

மாடுலர் கிச்சன் வந்தபின் சிலிண்டரை அலமாரிக்குள் பூட்டிவிடுகிறோம். அப்படியானால் அலமாரியின் அடிப்பகுதியில் காற்றோட்டத் துளைகள் வேண்டும். மேலே துளை போட்டுப் பயனில்லை, வாயு கீழேதான் கிடக்கும். சென்னையில் சில பகுதிகளுக்கு வரத் தொடங்கியிருக்கும் குழாய் எரிவாயுவுக்கு மட்டும் இது தலைகீழ். அது மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே ஏறும். அதற்கு மாறுகிறவர்கள் அடுப்பின் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும்.

ஈக்காட்டுத்தாங்கலில் இன்னொரு கூட்டமும் உண்டு. பட்டறைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள். பெட்டிக்கடை ஓரத்தில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு கேஸ் ஏற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். படுக்கிற பாயும் கசிகிற வாயுவும் ஒரே தரையில் இருக்கும் அறை அது. முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கும் எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டரை விற்கின்றன. அதை வாங்குங்கள்.

மாதம் ஐந்து நிமிடம்

* சிலிண்டர் வாங்கும்போது சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். எடை போட்டும் கசிவு பார்த்தும் தரச் சொல்வது உங்கள் உரிமை. சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்ந்திருக்க வேண்டும்.
* பிடிக்குக் கீழேயுள்ள பட்டையில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். A என்றால் மார்ச், B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். D-28 என்றால் 2028 டிசம்பருக்குள் மறுசோதனை. தேதி கடந்ததைத் திருப்பி அனுப்புங்கள்.
* ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு. அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படியுங்கள். எலி கடித்ததா, மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அழகுக்காகத் துணி உறை போடாதீர்கள்.
* கசிவுச் சந்தேகத்துக்குச் சோப்பு நுரை. குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி எப்போதும் கூடாது.
* சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். கடைசிச் சொட்டுக்காகச் சாய்த்தால் திரவமே டியூபுக்குள் வந்துவிடும்.
* இரவில் குமிழை மட்டுமல்ல, ரெகுலேட்டரையும் மூடுங்கள்.
* எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடி போட்டு, அப்படியே ஆறவிடுங்கள்.
* கண்ணாடித் தளம் சூடாக இருக்கையில் ஈரத் துணி வேண்டாம். பர்னரைத் தாண்டி வெளியே நீளும் அகலப் பாத்திரமும் வேண்டாம். விரிசலுக்கு இரண்டும் காரணம்.

ரிப்பேர்காரர் அடுப்பை நிமிர்த்தி வைத்துப் பற்றவைத்தார். ஒரு மாதமாக மஞ்சள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்த சுடர், பொட்டுப் பொட்டாக நீலத்தில் அடங்கி நின்றது. டியூபைத் திருப்பி ஆண்டைக் காட்டினார். ஆறாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. “இத மொதல்ல மாத்துங்கம்மா, என் காசு அப்புறம் குடுக்கலாம்” என்றார்.

பாட்டியின் பாத்திரங்களில் அவர் பேர் இன்னும் அழியாமல் இருக்கிறது. என் அடுப்பின் அடியில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதில் பேர் இல்லை, டியூப் மாற்றிய தேதி இருக்கிறது. சிலிண்டர் மாட்டிய நாளைத் தினசரிக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டேன். அது தீர்ந்த அன்று, கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தாள்களை எண்ணிப் பார்த்தேன். 43 இருந்தன.